கால்வாயில் கப்பல் சிக்கினால் சரக்குக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: சாத்தான்குளம் இலைக்கடை

அனைவருக்கும் வணக்கம். சாத்தான்குளம் வட்டாரத்தில் நிலாவரை இலையையும் நெற்றையும் விவசாயிகளிடம் கொள்முதல் செய்து, காயவைத்து, தரம் பிரித்து, தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்து வரும் குடும்பம் எங்களுடையது. வெளிநாட்டு மருந்துச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்று நம் ஜில்லாவின் பெயரிலேயே விலைபோகும் சரக்கு இது. இதுவரை அடுத்தவர் பெயரில் கப்பலேறிக்கொண்டிருந்ததை, இந்தப் பருவத்திலிருந்து எங்கள் பெயரிலேயே ஒரு கன்டெய்னராக ஜெர்மனிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கிளியரிங் ஏஜென்ட் கொடுத்த செலவுப் பட்டியலில் கடல் காப்பீட்டுக்கென்று ஒரு தொகை இருந்தது. காய்ந்த இலைக்கு என்ன வந்துவிடப்போகிறது, இதை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். அதற்கு அவர், "2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் மாட்டிக்கொண்டதே, அதில் பெட்டி வைத்திருந்தவர்களில் காப்பீடு இல்லாதவர்கள் ரொக்கம் கட்டினால்தான் சரக்கு கிடைக்கும் என்ற நிலையில் நின்றார்கள்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. திருச்செந்தூர் போகும் பேருந்து பள்ளத்தில் இறங்கிவிட்டால், அதைத் தூக்க வந்த கிரேனின் வாடகையைப் பயணிகளிடம் வசூலிப்பார்களா? கப்பல் அவர்களுடையது, ஓட்டியவர்கள் அவர்களுடைய ஆட்கள், வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்; பிறகு எந்த நியாயத்தில் சரக்குக்காரரிடம் கை நீட்டுகிறார்கள்?

இன்னொன்றையும் அறிய விரும்புகிறேன். அவ்வளவு பெரிய கப்பலைக் காற்று தள்ளிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அது நம்பத்தகுந்ததுதானா? கரையில் மூக்கைச் செருகிய கப்பலைப் பின்னால் இழுக்க ஏன் ஆறு நாள் ஆயிற்று? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் விளக்கினால், ஏஜென்டிடம் பேசும்போது எனக்குத் தெளிவு இருக்கும்.

பதில்: மணப்பாடு எஞ்சின்காரர்

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். கப்பலில் எஞ்சின் அறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சூயஸைப் பலமுறை கடந்திருக்கிறேன். பணம் பற்றிய கேள்வியை அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, கப்பல் எப்படிச் சிக்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1869இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய் இன்று ஏறத்தாழ 193 கி.மீ. நீளம் உடையது. மத்தியதரைக்கடலும் செங்கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பதால் பனாமாவில் இருப்பதுபோல் மதகுகள் இங்கே கிடையாது. கப்பல்கள் அணிவகுத்து ஒன்றன்பின் ஒன்றாக நேரே செல்லும். 2015இல் வடபகுதியில் 35 கி.மீ. நீளத்துக்கு இணையாக இன்னொரு வாய்க்காலை வெட்டினார்கள். பெரிய கசப்பு ஏரிக்குத் தெற்கே, சூயஸ் நகரத்துப் பக்கம் உள்ள பகுதி அப்போதும் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எவர் கிவன் சிக்கியது அந்தத் தென்பகுதியில், 151ஆவது கிலோமீட்டர் அருகே. வடக்கே தள்ளி இரட்டைப் பாதையில் இதே விபத்து நடந்திருந்தால், மற்றக் கப்பல்கள் பக்கத்து வாய்க்காலில் போயிருக்கும். உலகம் இத்தனை பேசியிருக்காது.

கப்பல் மலேசியாவின் தஞ்சுங் பெலெபாஸ் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீளம் 400 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 59 மீட்டர். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 20,000க்கும் மேல் ஏற்றக்கூடியது. அன்று அதில் சுமார் 18,300 கன்டெய்னர்கள் இருந்தன. உரிமையாளர் ஜப்பானிய நிறுவனம், இயக்கியது தைவானின் எவர்கிரீன், தொழில்நுட்ப நிர்வாகம் ஒரு ஜெர்மானிய நிறுவனத்துடையது, கொடி பனாமாவினுடையது, மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். இந்த அளவுக் கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இப்போது கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் வரை போனால் போதும்.

2021 மார்ச் 23 காலையில் அந்தப் பகுதியில் மணல் புயல் அடித்தது; காற்றின் வேகம் 40 நாட், அதாவது மணிக்கு சுமார் 74 கி.மீ. வரை இருந்ததாகக் கூறப்பட்டது. காற்று ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது, ஒடுங்கிய நீரில் பெரிய கப்பல் நடந்துகொள்ளும் முறை. ஆழ்கடலில் ஓடிய கப்பல் கால்வாய்க்குள் நுழைந்ததும் எஞ்சின் அறையில் இருப்பவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எஞ்சின் அதே சுற்றில் சுழன்றாலும் வேகம் இறங்கும், எஞ்சின் மீதான சுமை ஏறும், காலுக்குக் கீழே இரும்புத் தளம் வேறுவிதமாக அதிரும். கப்பல் விலக்கும் தண்ணீருக்கு அடியிலும் பக்கத்திலும் போக இடம் போதாமல், அது விரைந்து பின்னோக்கிப் பாய்வதே காரணம். பாயும் நீரில் அழுத்தம் குறையும். அதனால் கப்பல் வழக்கத்தைவிட ஆழமாக அமிழும். வேகம் இருமடங்கானால் அமிழ்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

அடுத்தது கரை இழுப்பு. கப்பல் ஒரு கரையை நெருங்கினால் அந்தப் பக்கத்து நீர் இன்னும் ஒடுங்கிய வழியில் இன்னும் விரைவாக ஓடும். அங்கே அழுத்தம் குறைந்து கப்பலின் பின்பகுதி அந்தக் கரையை நோக்கி இழுக்கப்படும், மூக்குப் பகுதியான அணியமோ எதிர்க்கரையை நோக்கித் திரும்பும். சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி அதைச் சரிசெய்தால், அடுத்த கரையில் அதே வேலை மறுபடியும் தொடங்கும். சுக்கானுக்குப் பலம் வேண்டுமானால் நீரோட்டம் வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் அமிழ்வும் இழுப்பும் கூடும். குறைத்தால் காற்று கப்பலை எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ.; சிக்குவதற்குச் சற்று முன் எவர் கிவன் 13 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் ஓடியதைக் கண்காணிப்புத் தரவுகள் காட்டின. கடைசியில் அணியம் கிழக்குக் கரையில் செருகியது, பின்பகுதி மேற்குக் கரையில் அண்டியது. கால்வாயின் அகலத்தைவிடக் கப்பலின் நீளம் அதிகம். குறுக்கே விழுந்த தாழ்ப்பாளாக நின்றுவிட்டது.

அப்போது கப்பலில் கப்பலுக்கு வழிகாட்டும் கால்வாய் ஆணையத்தின் பைலட்டுகள் இருவர் இருந்தார்கள். அவர்கள் சொல்வது ஆலோசனை மட்டுமே, விளைவுக்குக் கேப்டனே பொறுப்பு என்பது அந்தக் கால்வாயின் விதி. நடைமுறையில், அவர்கள் பேச்சை மீறிச் சுக்கானைத் திருப்பச் சொல்லும் துணிவு எத்தனை கேப்டன்களுக்கு வரும் என்பது வேறு விஷயம்.

பதில்: பாளை இயற்பியல் ஆசிரியை

மணப்பாட்டு அண்ணாச்சி நீரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். காற்றைப் பற்றிய சந்தேகத்துக்கு ஒரு சிறு கணக்குப் போடலாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே போடக்கூடியது. 40 நாட் என்பது நொடிக்குச் சுமார் 20.6 மீட்டர். அந்த வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஆனால் 400 மீட்டர் நீளமும், அடுக்கிய பெட்டிகளோடு சேர்த்து நீர்மட்டத்துக்கு மேல் தோராயமாக 40 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் என்று வைத்தால் பரப்பு 16,000 சதுர மீட்டர். நேர் பக்கவாட்டில் அடித்தால் மொத்த விசை 400 டன் எடைக்குச் சமம். காற்று சாய்வாக வந்தால் இது குறையும் என்பது உண்மையே. ஆனாலும் ஒரு நல்ல துறைமுக இழுவைக் கப்பலின் இழுதிறன் எழுபது எண்பது டன் என்ற அளவில் இருப்பதை நினைத்தால், ஐந்து இழுவைக் கப்பல்கள் ஒரே திசையில் சேர்ந்து தள்ளியது போன்ற நிலை அது.

ஆறு நாள் ஏன் ஆயிற்று என்றால், அது இழுக்கிற வேலையாகத் தொடங்கித் தோண்டுகிற வேலையாக மாறியதால்தான். அணியத்தின் அடியில் நீருக்குள் குமிழ்போல் நீண்டிருக்கும் பகுதி கரைக்குள் புதைந்திருந்தது. இரும்பைச் சுற்றி இறுகிய ஈர மணலும் களிமண்ணும் எளிதில் விடாது. ஒற்றை மண்தோண்டும் இயந்திரம் மலைபோன்ற அந்தக் கப்பலின் காலடியில் நின்ற படத்தை உலகமே கேலி செய்தது. அதை ஓட்டியவர் தூக்கமில்லாமல் உழைத்தவர் என்பது கேலி செய்தவர்களுக்குத் தெரியாது. உண்மையில் மண்ணை எடுத்த பெரும் வேலை 'மஷ்ஹூர்' என்ற தூர்வாரிக் கப்பலுடையது. சுமார் 30,000 கன மீட்டர் மணல் அகற்றப்பட்டது. கூடவே, கப்பலின் அடித் தொட்டிகளில் இருந்த நீரை வெளியேற்றிச் சுமையைக் குறைத்தார்கள்.

கால்வாயின் தென்பகுதியில் செங்கடலின் ஓதம் ஏறி இறங்கும். மார்ச் 28 பௌர்ணமி, அப்போது ஓதம் வழக்கத்தைவிட உயரும். அந்த உயர் ஓதத்தை எதிர்பார்த்துத்தான் நெதர்லாந்திலிருந்து வந்த ஸ்மிட் மீட்புக் குழு திட்டமிட்டது. அதே நாளில் 285 டன் இழுதிறன் கொண்ட 'ஏ.எல்.பி. கார்ட்', இத்தாலியின் 'கார்லோ மாக்னோ' ஆகிய கடலோடி இழுவைக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. 29ஆம் தேதி விடியற்காலை பின்பகுதி கரையிலிருந்து விலகியது, பிற்பகலில் அணியமும் விடுபட்டது. அந்த ஓதத்தில் விடுபடாமல் போயிருந்தால் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டியிருந்திருக்கும். அவ்வளவு உயரத்துக்கு எட்டும் பளுதூக்கி அந்தப் பாலைவனத்தில் கிடையாது, வரவழைத்திருந்தாலும் வாரக்கணக்கில் இழுத்திருக்கும். 2022 மார்ச்சில் அதே நிறுவனத்தின் எவர் ஃபார்வர்டு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தரைதட்டியபோது அதுதான் நடந்தது: சுமார் 500 பெட்டிகளை இறக்கிய பிறகே, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, கப்பல் மிதந்தது.

இதோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கப்பல் சிக்கியதற்கு எகிப்தின் முதல் பெண் கேப்டனே காரணம் என்று அப்போது ஒரு போலிச் செய்தி சுற்றியது. அந்தப் பெண் அன்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி அலெக்சாண்டிரியாவில் வேறொரு கப்பலில் பணியில் இருந்தார். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதை நம்பிப் பகிர்ந்தவர்கள் உண்டு.

பதில்: தூத்துக்குடி பீச் ரோடு

சாத்தான்குளத்து அண்ணாச்சி, உங்கள் ஏஜென்ட் சொன்னது சரி. நானும் கிளியரிங் தொழிலில் இருப்பவன்தான். புதிதாக ஏற்றுமதிக்கு வருகிற எவரும் முதலில் கோபப்படுவது, கப்பலையும் சரக்கையும் மீட்ட செலவை எல்லோரும் மதிப்புக்கேற்பப் பகிரும் 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டுதான்.

உங்கள் பேருந்து உவமை பொருந்தாத இடம் ஒன்று உண்டு. பேருந்து பள்ளத்தில் இறங்கினால் பயணி இறங்கி அடுத்த வண்டியைப் பிடித்துவிடலாம். கடலில் சரக்கு தானாக இறங்க முடியாது. கப்பல் போனால் சரக்கும் போகும், கப்பல் பிழைத்தால் சரக்கும் பிழைக்கும். புயலில் கப்பலை இலகுவாக்கச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் எறிந்தால், பிழைத்த மூட்டைக்காரர்களும் கப்பல்காரரும் சேர்ந்து இழந்தவருக்கு ஈடு கட்ட வேண்டும் என்பது ரோட்ஸ் தீவினரின் பழைய கடல் வழக்கம். ரோமானியச் சட்டத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. காப்பீடு என்ற தொழில் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஏற்பாடு. இன்று அது யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் என்ற பெயரில் இருக்கிறது. கடைசியாக 2016இல் திருத்தப்பட்டது. உங்கள் கையில் வரப்போகும், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், இந்த விதிகளுக்கு நீங்கள் கட்டுப்படுகிறீர்கள் என்ற வரி இருக்கும். ஒரு தடவையாவது அதைப் படித்துப் பாருங்கள்.

எல்லாச் செலவும் இதில் வராது. கப்பலும் சரக்கும் பொது ஆபத்தில் இருக்கும்போது, இரண்டையும் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே செய்த அசாதாரணமான தியாகமோ செலவோ மட்டுமே பொதுக் கணக்கில் ஏறும். எவர் கிவனில் இழுவைக் கப்பல்களின் கூலி, மண் அகற்றியது, மீட்புக் குழுவின் ஊதியம் போன்றவை அந்த வகை. மோதியதால் கப்பலின் மூக்கில் ஏற்பட்ட சேதத்தைக் கப்பல்காரர் தம் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர்களுக்கு ஏற்படும் இழப்புகளுக்குக் கப்பல்காரர்களின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். மார்ச் 29இல் கப்பல் மிதந்தது. ஏப்ரல் 1இல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கணக்கைப் பிரித்துத் தர லண்டனில் உள்ள ஒரு கணக்கீட்டு நிறுவனம் அமர்த்தப்பட்டது. ஆனால் கப்பல் நகரவில்லை. கால்வாய் ஆணையம் 91.6 கோடி டாலர் கேட்டு, நீதிமன்ற உத்தரவு பெற்று, அதைப் பெரிய கசப்பு ஏரியிலேயே பிடித்து வைத்தது. அதில் 30 கோடி மீட்புக்கான வெகுமதி, இன்னொரு 30 கோடி 'நற்பெயர் இழப்பு' என்ற தலைப்பில். பின்னர் கோரிக்கை 55 கோடிக்கு இறங்கியது. கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்பதை இரு தரப்பும் வெளியிடவில்லை. ஜூலை 7இல் விடுவிக்கப்பட்டு, ஜூலை 29இல் கப்பல் ராட்டர்டாம் சேர்ந்தது. ஆறு நாள் அடைப்பு என்றுதான் ஊர் பேசுகிறது. அந்தப் பெட்டிகளுக்குள் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு அது நான்கு மாதம்.

உங்கள் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிடும் முறை எளிது. உதாரணத்துக்கு, காப்பாற்றப்பட்ட கப்பல், சரக்கு இரண்டின் மொத்த மதிப்பு 1,000 கோடி ரூபாய், பொதுச் செலவு 50 கோடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5 சதவீதம். உங்கள் இலை 30 லட்சம் என்றால் பங்கு ஒன்றரை லட்சம். கப்பல்காரரும் தம் கப்பலின் மதிப்புக்கு அதே 5 சதவீதம் ஏற்கிறார். சிக்கல் எங்கே என்றால், இறுதிக் கணக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை கணக்கீட்டாளர் ஒரு உத்தேச விகிதத்தைச் சொல்லிப் பிணை கேட்பார். உங்கள் பங்கைத் தருவதாக ஒப்புக்கொள்ளும் பாண்டில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தந்துவிடும், பெட்டி வெளியே வரும். இல்லையென்றால் ரொக்க வைப்புத்தொகை கட்டினால்தான் வரும். உங்கள் ஏஜென்ட் சொன்ன காட்சி இதுதான்.

பதில்: வண்ணார்பேட்டை வாசகர்

விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கேட்டவரின் ஆதங்கத்துக்கு இது முழுப் பதில் ஆகவில்லை என்றே நினைக்கிறேன். ரோட்ஸ் தீவுக் காலத்தில் வணிகரும் அதே மரக்கலத்தில் பயணம் செய்தார், எதை எறிவது என்று அவரிடமும் கேட்டிருப்பார்கள். இன்று வேகத்தையோ, புயலில் கால்வாய்க்குள் நுழைவதையோ, கப்பலின் அளவையோ முடிவு செய்வதில் சாத்தான்குளத்து வணிகருக்கு என்ன பங்கு இருக்கிறது? பெட்டி ஒன்றுக்கு ஆகும் செலவைக் குறைக்கத்தான் கப்பல்களை இவ்வளவு பெரிதாக்கினார்கள். அதன் லாபம் ஓரிடத்தில் சேர்கிறது, அபாயம் மட்டும் 18,000 பெட்டிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கப்பல்காரரின் தவறு நிரூபிக்கப்பட்டாலும் சரக்குக்காரர் பணம் கட்டத்தான் வேண்டுமா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.

 

பதில்: தூத்துக்குடி பீச் ரோடு

நியாயமான கேள்வி. சட்டப்படி கப்பல்காரர் பொறுப்பேற்க வேண்டிய தவறால்தான் ஆபத்து வந்தது என்றால் சரக்குக்காரர் தம் பங்கைத் தர மறுக்கலாம். 2011 மே மாதம் சீனாவின் சியாமென் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட சி.எம்.ஏ. சி.ஜி.எம். லிப்ரா என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியது. பயணத் திட்டத்தைத் தயாரித்தவர்கள் வரைபடத்தில் குறிக்க வேண்டிய எச்சரிக்கையைக் குறிக்காமல் விட்டதால், கப்பல் புறப்படும்போதே பயணத்துக்குத் தகுதியற்றதாக இருந்தது என்று கூறி, சரக்குக்காரர்கள் சிலர் பணம் தர வேண்டியதில்லை எனப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. தரைதட்டியதற்கும் தீர்ப்புக்கும் இடையில் பத்து ஆண்டுகள். அந்த வழக்கை நடத்தியது சரக்குகளுக்குப் பின்னால் இருந்த காப்பீட்டு நிறுவனங்களின் பணபலம். ஒற்றைப் பெட்டி அனுப்புகிறவர் லண்டன் வக்கீலை வைத்து வாதாட முடியாது. வாதாடுவதற்கும் ஆள் வேண்டும் என்றால் அதற்கும் காப்பீடுதான் வேண்டியிருக்கிறது.

மாலுமிகளின் வழிசெலுத்தும் பிழைக்குக் கப்பல்காரர் சரக்குக்குப் பொறுப்பல்ல என்ற விலக்கும், கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக் விதிகளில் இன்றுவரை இருக்கிறது. இது பழைய காலத்துச் சலுகை, இன்னும் எடுக்கப்படாமல் இருப்பது சரியில்லை என்பதில் நான் வண்ணார்பேட்டை அண்ணாச்சியோடு உடன்படுகிறேன்.

கேட்டவர்: சாத்தான்குளம் இலைக்கடை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காப்பீட்டை நீக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. வாங்குபவர் சி.ஐ.எஃப். விலை கேட்கிறார், அதாவது கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து நாங்களே பார்க்க வேண்டும். எந்த வகைக் காப்பீடு போதுமானது? அடுத்தது, எவர் கிவன் போல நான்கு மாதம் வெயிலில் பெட்டி நின்றுவிட்டால் எங்கள் இலை என்ன ஆகும் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நிலாவரைக்குப் பச்சை நிறம்தான் விலை. நிழலில் காயவைத்து, பழுத்த இலையைப் பெண்கள் கையால் பொறுக்கி எடுத்து, சிப்பமாக அழுத்திக் கட்டி அனுப்புகிறோம். ஈரம் ஏறிப் பழுப்பாகிவிட்டால் முதல் தரச் சரக்கு கடைசித் தரமாகிவிடும். தாமதத்தால் வந்த அந்த நட்டத்தைக் காப்பீடு தருமா?

பதில்: தூத்துக்குடி பீச் ரோடு

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. தாமதத்தால் ஏற்படும் இழப்பைப் பொதுவாக உள்ள சரக்குக் காப்பீட்டு விதிகள் வெளிப்படையாகவே விலக்குகின்றன. அந்தத் தாமதம் காப்பீடு செய்யப்பட்ட ஆபத்தால் வந்திருந்தாலும் விலக்குதான். சந்தை விலை இறங்கியது, பருவம் தவறியது, வாங்குபவர் கோபித்துக்கொண்டது எதுவும் கிடைக்காது. கடல்நீர் உள்ளே புகுந்து நனைந்தது என்றால் வேறு கதை. ஆகவே இலையைக் காப்பது உங்கள் கிட்டங்கியிலேயே தொடங்க வேண்டும். ஈரப்பதத்தை அளந்த பிறகே சிப்பம் கட்டுங்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டியின் கூரையில் உள்பக்கமாக நீர் கோத்துச் சரக்கின் மேல் சொட்டும். இதைத்தான் நாங்கள் பெட்டி வியர்க்கிறது என்போம். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச் சுவர்களில் தொங்கவிட்டு, மேல் சிப்பங்களின் மீது தடித்த காகிதம் விரியுங்கள். ஏற்றுவதற்கு முன் காலிப் பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்கள்; எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தாமதம் என்பது கால்வாய் அடைபட்டால் மட்டும் வருவதில்லை. 2023 இறுதியில் செங்கடலில் ஹூத்திகளின் தாக்குதல் தொடங்கியதும் பெரும் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. அதில் பத்து நாள் அளவுக்கு மேலும் பிடித்தது. நம் சரக்கு தூத்துக்குடியிலிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய தாய்க் கப்பலுக்கு மாறுவதுதான் வழக்கம். தாய்க் கப்பல் தவறினால் கொழும்பு யார்டிலும் பெட்டி வெயிலில் நிற்கும். எனவே வாங்குபவரோடு செய்யும் ஒப்பந்தத்தில், கப்பலேற்றிய தேதிக்குத்தான் நீங்கள் பொறுப்பு, சேரும் தேதிக்கு அல்ல என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு வகைக்கு வருகிறேன். ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உண்டு. ஜெனரல் ஆவரேஜ், மீட்புச் செலவு ஆகியவை மூன்றிலுமே அடங்கும். சி.ஐ.எஃப். விற்பனையில் விற்பவர் குறைந்தபட்சம் சி வகை எடுத்தால் போதும் என்பது விதி. ஆனால் மழையில் நனைந்தது, திருட்டு, ஏற்றி இறக்கும்போது அடிபட்டது போன்றவை சி வகையில் வராது. இலைச் சரக்குக்கு ஏ வகையே எடுங்கள். பிரீமிய வித்தியாசம் மொத்தச் செலவில் பெரிதாகத் தெரியாது. தொகை, இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதம் இருக்கட்டும். காப்பு உங்கள் கிட்டங்கியிலிருந்து வாங்குபவரின் கிட்டங்கி வரை என்றும், கொழும்பில் கப்பல் மாறுவது உட்பட என்றும் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஐ.எஃப். என்றாலும் சரக்கு கப்பலேறியதும் அபாயம் வாங்குபவருக்கு மாறிவிடும். ஆகவே பாண்டில் கையெழுத்திடுவது பெரும்பாலும் அவர்தான், நீங்கள் எடுத்துக் கொடுத்த பாலிசியைக் காட்டிப் பெட்டியை எடுப்பார். ஆனால் பணம் வந்து சேரும் முன் கப்பல் சிக்கி, அவர் ஆவணங்களை வங்கியிலிருந்து எடுக்க மறுத்தால், சரக்கும் உங்களுடையது, ஜெனரல் ஆவரேஜும் உங்களுடையது. முதல் பெட்டிக்குக் கடன் முறை வேண்டாம், வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உத்தரவாதம் தரும் எல்.சி. கேளுங்கள், தயங்கினால் ஒரு பகுதியாவது முன்பணம் வாங்குங்கள். பாலிசி வரைவு வந்ததும், பெயர், முகவரி, தொகை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். விலக்குகள் இருக்கும் பக்கத்தை வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.